மலேசியாவில் யூஎன் அட்டையோடு இருக்கிற குடும்பங்களுக்கு: ஸ்பொன்சரில் கனடா வர நினைத்தால்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரே அறையில் பதினொரு வருடம் இருந்துவிட்டு, 2025 மே மாதம் நானும் கணவரும் மகனும் ரொறன்ரோ வந்து இறங்கினோம். விண்ணப்பம் போனது 2021 மார்ச். இடையில் நான்கு வருடமும் இரண்டு மாதமும். அதில் ஒரு வருடத்துக்கு மேலான காலம் எங்கள் கையால் வீணானது. ஒரு பிழையான திகதி, எடுக்காமல் விட்ட ஒரு தொலைபேசி அழைப்பு, மொழிபெயர்க்காமல் அனுப்பிய ஒரு பத்திரம். இவ்வளவுதான். அதைத் திருத்தத் திருத்த மாதங்கள் ஓடின. உங்களுக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இது கனடாவின் தனியார் அனுசரணைத் திட்டம் பற்றியது. நம் இலங்கைத் தமிழ் ஆட்கள் வாயில் "ஸ்பொன்சர்". ஏழாம் படியிலிருந்து சொல்வது அரசாங்க உதவியில் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. எந்த வழி உங்களுக்கு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

அகதியாகக் கனடா போக இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, யூஎன்எச்சிஆர், அதாவது யூஎன் அட்டை தருகிற ஐநா அகதிகள் அமைப்பு, உங்கள் கோப்பைத் தெரிவுசெய்து கனடா அரசாங்கத்துக்குப் பரிந்துரைப்பது. இதற்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. யூஎன் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாலும் முடியாது, அங்கே யாருக்கும் காசு கொடுத்தும் முடியாது.

மற்றது, கனடாவில் இருக்கிற ஒரு குழு உங்களைப் பொறுப்பெடுப்பது. அதிலும் வகைகள் உண்டு. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட அமைப்புகள் இருக்கின்றன. இவற்றில் பல சமய நிறுவனங்கள். ஐந்து கனேடியர்களோ நிரந்தரக் குடியுரிமையாளரோ சேர்ந்து எடுக்கும் "ஐவர் குழு" இன்னொன்று. ஐவர் குழு எடுப்பதென்றால் நீங்கள் அகதி என்று யூஎன்எச்சிஆரோ நீங்கள் இருக்கிற நாடோ ஏற்றுக்கொண்ட பத்திரம் கட்டாயம். ஒப்பந்த அமைப்பு எடுப்பதென்றால் அந்தப் பத்திரம் கட்டாயமில்லை; இருந்தால் கோப்புக்குப் பலம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஐவர் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பம் வாங்குவதை கனடா குடிவரவுத் திணைக்களம் 2024 நவம்பர் 29 முதல் நிறுத்திவைத்தது. "ஐந்து பேர் கையெழுத்துத் தயார், உடனே போடலாம்" என்று யாராவது சொன்னால், அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று திணைக்களத்தின் இணையதளத்தில் அன்றைக்கே பார்த்துவிட்டு அடுத்த பேச்சைப் பேசுங்கள். ஒப்பந்த அமைப்புகளுக்கும் வருடத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. கியூபெக் மாகாணத்துக்கு நடைமுறையே வேறு. அங்கே உறவினர் இருக்கிறார்கள் என்றால் இந்தக் கட்டுரையை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

2. ஸ்பொன்சரைத் தேடுங்கள், காசு கேட்பவரிடமிருந்து விலகுங்கள்

எங்களுக்கு வழி திறந்தது கணவரின் ஒன்றுவிட்ட தமையன் மூலம். அவர் ஸ்காபரோவில் ஒரு தேவாலயக் குழுவை அணுகினார். குழு தன் ஒப்பந்த அமைப்பிடம் பெயரைக் கொடுத்தது. ஒன்றரை வருடம் காத்திருந்த பிறகுதான் இடம் கிடைத்தது. அந்தக் காலம் நான் மேலே சொன்ன நான்கு வருடத்தில் சேராது.

கனடாவில் உறவினரோ, ஊராரோ, கூடப் படித்தவரோ இருந்தால் அவர் மூலம் கேட்பதுதான் நல்லது. முன்பின் தெரியாத அமைப்புகளுக்கு நூறு மின்னஞ்சல் அனுப்பிப் பலன் கண்டவரை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு முன்னால் ஏற்கனவே நீண்ட வரிசை நிற்கிறது.

ஸ்பொன்சர் செய்கிற குழு உங்களை ஒரு வருடம் பார்க்க வேண்டும்: வாடகை, சாப்பாடு, உடுப்பு, தளபாடம், அலுவல்களுக்குக் கூட்டிப்போவது. அதற்கு எவ்வளவு காசு ஒதுக்க வேண்டும் என்று திணைக்களம் ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. எங்கள் விண்ணப்பம் போன காலத்தில் நால்வர் குடும்பத்துக்கு 28,700 டொலர் என்று இருந்தது. இந்தக் காசை உங்களிடம் கேட்கக் கூடாது. முன்பணமாகவும் வாங்கக் கூடாது, வந்தபின் திருப்பித் தரச் சொல்லவும் கூடாது. அது திட்டத்தின் விதி.

செந்தூலில் எங்கள் பக்கத்து அறைக் குடும்பத்திடம் ஒரு தரகர் எண்ணாயிரம் ரிங்கிட் வாங்கினார். "ஐவர் குழு ரெடி" என்று சொல்லி ஒரு கடிதத்தின் போட்டோ கொப்பியைக் கொடுத்தார். அந்தக் கடிதத்தில் கோப்பு இலக்கமே இல்லை. அந்த அக்கா தன் தாலிக்கொடியை விற்றுக் கொடுத்த காசு அது. திரும்பி வரவில்லை. ஆலோசனைக்குக் கூலி வாங்க உரிமை உள்ளவர்கள் கனடாவில் பதிவு பெற்ற சட்டத்தரணிகளும் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்களும்தான். அவர்கள் பெயர் பொதுப் பதிவேட்டில் இருக்கும். பெயரைக் கேளுங்கள், தேடிப் பாருங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

விண்ணப்பத்துக்குத் திணைக்களம் அகதிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. கைரேகைக்கும் இல்லை. எங்களுக்குச் செலவானது மொழிபெயர்ப்பு, படம், கொப்பி, போக்குவரத்து, ஊரிலிருந்து பத்திரம் எடுப்பித்த கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரிங்கிட் அளவில். அதற்கு மேல் யாராவது கணக்குச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

3. பத்திரங்களை இன்றைக்கே சேர்க்கத் தொடங்குங்கள்

ஸ்பொன்சர் கிடைத்தபின் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஊரிலிருந்து ஒரு பிறப்பு அத்தாட்சி எடுக்கவே எங்களுக்கு நான்கு மாதம் போனது.

பெரியவர்களுக்கு: யூஎன் அட்டையும் அகதியாக ஏற்ற கடிதமும், இலங்கைப் பிறப்பு அத்தாட்சி, தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு இருந்தால் அதன் எல்லாப் பக்கமும் (காலாவதியானாலும் சரி), விவாகப் பதிவு. பிறப்பு அத்தாட்சியை ஊரில் இருக்கிற யாராவது பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். பிறந்த திகதியும் பதிவு இலக்கமும் தெரிந்தால் விரைவில் கிடைக்கும். தெரியாவிட்டால் பழைய புத்தகங்களைத் தேட வேண்டிவரும்.

மலேசியாவில் பிறந்த பிள்ளைக்கு ஜேபிஎன்னில், அதாவது தேசியப் பதிவு இலாகாவில், பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். பிந்தினால் தாமதப் பதிவு, அதற்கு அலைச்சல் அதிகம். பிடித்துக்கொண்டு போவார்களோ என்ற பயத்தில் பதியாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி தந்த பிரசவக் கடதாசியை எப்படியும் பத்திரப்படுத்துங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்று மலாயில் இருக்கும், அதையும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். நான் மொழிபெயர்க்காமல் அனுப்பியது இதைத்தான். "ரோமன் எழுத்துத்தானே, வாசித்து விளங்கிக்கொள்வார்கள்" என்று நினைத்துவிட்டேன். கோப்பு குறையுள்ளதென்று திரும்பி வந்தது.

கோயிலில் தாலி கட்டி, பதியாமல் இருப்பவர்கள் கலங்க வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்கிற இணையையும் கனடா குடும்பமாக ஏற்கும். ஆனால் பதியாத கலியாணத்தைப் பதிந்ததுபோல எழுதாதீர்கள். ஒரே விலாசத்தில் இருந்ததற்கான வாடகைத் துண்டு, கலியாணப் படம், பிள்ளையின் பிறப்புச் சான்றில் இருவர் பெயர், யூஎன் கோப்பில் ஒன்றாகப் பதிந்தது, இவைதான் சாட்சி.

போரில் இறந்தவரின் மரண அத்தாட்சி பலரிடம் இல்லை. என் கணவரின் முதல் மனைவி 2009இல் முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து இறந்தவர். அத்தாட்சி இல்லாததால் பத்து வருடம் அவர் கடதாசியில் உயிரோடு இருந்தார். இப்படி இறந்தவர்கள், காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிய இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்தது. மாமிதான் கிராம சேவகரின் கடிதத்தோடு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் அலைந்து எடுத்துத் தந்தார். மறுமணம் செய்தவர்களிடம் இந்தப் பத்திரத்தைக் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் படம் பிடித்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பிவையுங்கள். கைப்பை போகலாம், போன் போகலாம், மின்னஞ்சல் இருக்கும்.

4. பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். யூஎன் அட்டையில் ஒரு மாதிரி, பிறப்பு அத்தாட்சியில் ஒரு மாதிரி, மலாய்ச் சான்றில் "அனாக் லெலாகி" (மகன்) என்று போட்டு இன்னொரு மாதிரி. முருகேசுவின் மகன் குமரன் என்றால் கனடாப் படிவத்தில் குடும்பப் பெயர் முருகேசு. குமரனின் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் குமரன். மனைவிக்கு அவருடைய தகப்பன் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் வரும். அதில் தவறில்லை. தவறு எங்கே வருகிறதென்றால், ஒரு படிவத்தில் இப்படியும் மற்றதில் அப்படியும் எழுதும்போது.

ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள். பழைய பத்திரங்களில் வேறு மாதிரி இருந்தால், "பாவித்த மற்றப் பெயர்கள்" என்ற இடத்தில் ஒவ்வொன்றையும் குறியுங்கள். பிறந்த திகதியும் அப்படியே. என் யூஎன் அட்டையில் மாதமும் நாளும் இடம் மாறியிருந்தது. சின்ன விசயம் என்று விட்டேன். அட்டையைத் திருத்திய பிறகுதான் கோப்பு நகர்ந்தது, அதற்குள் ஏழு மாதம் போய்விட்டது. யூஎன் அட்டையில் பிழை இருந்தால் இப்போதே திருத்தக் கேளுங்கள்.

5. படிவம் நிரப்புவது: ஒருவரையும் விடாதீர்கள்

முக்கியமான படிவங்கள் மூன்று. குடும்பத்தார் எல்லோருடைய விவரமும் போகிற பொது விண்ணப்பம், ஐஎம்எம் 0008. பின்னணி விவரம், ஐஎம்எம் 5669. உங்கள் கதையைச் சொல்கிற இரண்டாம் அட்டவணை (ஷெடியூல் 2). கடைசி இரண்டையும் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே நிரப்ப வேண்டும். இவற்றை ஸ்பொன்சர் தன் படிவங்களோடு சேர்த்து அனுப்புவார்.

ஐஎம்எம் 5669இல் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று மாதம் மாதமாகக் கேட்பார்கள். இடைவெளி விடக் கூடாது. வேலையில்லாமல் வீட்டில் இருந்த மாதத்தை "வேலையில்லை" என்றும், முகாமில் இருந்த மாதத்தை முகாமின் பெயரோடும் எழுதுங்கள். கடையில் களவாக வேலை செய்ததை எழுதப் பயம் வரும். எழுதுங்கள். கனடா அதிகாரி பார்ப்பது நீங்கள் உண்மை சொல்கிறீர்களா என்றுதான்.

இரண்டாம் அட்டவணையை மற்றவரைக் கொண்டு "நல்லா" எழுதுவிக்காதீர்கள். யூஎன் நேர்காணலில் சொன்னதுதான் இங்கேயும் வர வேண்டும். விடுதலைப் புலிகள் அமைப்பு 2006 முதல் கனடாவின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது என்பதால் நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போனது, பங்கர் வெட்டியது, சமைத்துக் கொடுத்தது, சொந்தக்காரர் இயக்கத்தில் இருந்தது என்று எதுவானாலும் நடந்தபடி, யார் கட்டாயப்படுத்தினார்கள், எத்தனை நாள் என்று சொல்லுங்கள். இப்படி ஏதாவது உங்கள் கதையில் இருந்தால், படிவம் போகுமுன் அகதி வழக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் ஸ்பொன்சர் மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். மறைத்தது பிறகு வெளியே வந்தால், அந்தச் செயலைவிட மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும்.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விசயம்.

என் கணவருக்கு முதல் மனைவியிடம் ஒரு மகள். 2007இல் பிறந்தவள், வவுனியாவில் அப்பம்மாவோடு வளர்ந்தாள். எங்களோடு மலேசியாவுக்கு வரவில்லை, எங்களோடு கனடாவுக்கும் வர முடியாது. படிவம் நிரப்ப உதவிக்கு வந்த ஒருவர், "பிள்ளை இலங்கையில்தானே இருக்கு, பேரைப் போட்டால் கேஸ் இழுபடும். இப்ப விடுங்கோ, கனடா போய்ப் பிறகு கூப்பிடலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கணவர் இரண்டு நாள் நித்திரையில்லாமல் இருந்தார். கடைசியில் எழுதினோம்.

அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இங்கே வந்து கேட்டறிந்தபோது எனக்குக் கை நடுங்கியது. கனடா குடிவரவு விதிகளின்படி, உங்கள் விண்ணப்பம் நடக்கும்போது சொல்லாமல் விட்ட கணவன், மனைவி, பிள்ளையைப் பிறகு குடும்ப வகுப்பில், அதாவது கனடாவில் இருப்பவர் தன் குடும்பத்தாரைக் கூப்பிடுகிற வழியில், கூப்பிட முடியாது. அவர்கள் உங்கள் குடும்பமே அல்ல என்று விதி கொள்ளும். இதற்கு இடைக்காலச் சலுகைகள் வந்து போயிருக்கின்றன, இரக்க அடிப்படையில் கேட்கவும் இடமுண்டு. ஆனால் அவை கதவு பூட்டியபின் யன்னலால் ஏறுவது மாதிரி. அதை நம்பி ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஆகவே கூட வராதவரையும் எழுதுங்கள். பிரிந்திருக்கிற கணவனை எழுதுங்கள். தாயிடம் இருக்கிற பிள்ளையை எழுதுங்கள். தத்தெடுத்த பிள்ளையை எழுதுங்கள். காணாமற்போய், இறந்தார் என்று உறுதியாகத் தெரியாதவரையும் எழுதுங்கள். படிவத்தில் "கூட வருகிறாரா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட இடம் இருக்கிறது. 22 வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத பிள்ளைகள் உங்களில் தங்கியிருப்பவர்களாகக் கணக்கு. விண்ணப்பம் பதிவான நாளில் இருந்த வயதுதான் எடுபடும். கோப்பு நான்கு வருடம் கிடந்தாலும் வயது ஏறாது. எங்கள் மகளுக்கு அந்த நாளில் 14 வயதாகவில்லை.

விண்ணப்பம் போனபிறகு பிள்ளை பிறந்தாலோ, கலியாணம் நடந்தாலோ, பிரிந்தாலோ, கனடாவில் இறங்குமுன் அதை அறிவியுங்கள். விசா கைக்கு வந்தபிறகு நடந்தாலும் அறிவிக்க வேண்டும். பயணம் பிந்தும், உண்மைதான். பிந்தட்டும்.

6. காத்திருக்கும் காலம்

கோப்பை ஏற்றதும் "ஜி" என்ற எழுத்தில் தொடங்குகிற இலக்கம் ஒன்று வரும். அதை மனப்பாடம் செய்யுங்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரு செய்தியும் வராமல் இருக்கும். தனியார் ஸ்பொன்சரில் எடுக்கும் தொகையைக் கனடா குறைத்துக்கொண்டு வருகிறது. 2024இல் இலக்கு 27,750 பேர், 2025இல் 23,000. வரிசை நீளமாக இருக்க, வாசல் சிறுக்கிறது. இரண்டு வருடத்தில் போய்விடலாம் என்று சொல்பவரை நம்பி அறையை விடாதீர்கள், பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள்.

இந்தக் காலத்தில் செய்ய வேண்டியவை சில. யூஎன் அட்டை காலாவதியாகுமுன் புதுப்பிக்கக் கேளுங்கள். விலாசமோ போன் இலக்கமோ மாறினால் ஸ்பொன்சருக்கும் திணைக்களத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். நான் பிரீபெய்ட் சிம்மில் காசு போடாமல் விட்டு அது செத்துப்போனது. நேர்காணலுக்கு அழைத்த முதல் அழைப்பு அந்த இலக்கத்துக்குத்தான் போயிருக்கிறது. அடுத்த சுற்றுக்கு ஐந்து மாதம். கைரேகைக்கு அழைப்பு வந்தால், 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் போக வேண்டும்.

7. நேர்காணல்

அசல் பத்திரம் எல்லாம், கோப்பில் இருக்கிற வரிசையில். குடும்பம் முழுவதும். பிள்ளைக்கு ஏதாவது தின்னக் கொண்டுபோங்கள், அரை நாள் ஆகலாம்.

மொழிபெயர்ப்பாளர் வேறு ஊர்த் தமிழ் பேசுபவராக இருக்கலாம். அவர் சொல்வது விளங்காவிட்டாலோ, நீங்கள் சொன்னதை அவர் வேறு மாதிரிச் சொல்கிறார் என்று பட்டாலோ, உடனே அதிகாரியிடம் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தவருக்கு "பதுங்குகுழி" விளங்கவில்லை. "பங்கர்" என்றதும் பிடித்துக்கொண்டார். திகதி ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன திகதிதான் பிறகு முரண்பாடாக நிற்கும். கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்கலாம். பயப்பட ஒன்றுமில்லை.

8. மெடிக்கல்

கனடா நியமித்த டொக்டரிடம் மட்டும். கட்டணம் உங்களுடையதல்ல, கனடா அரசாங்கத்தின் இடைக்கால சுகாதாரத் திட்டம் கொடுக்கும். நெஞ்சு எக்ஸ்ரே 11 வயதிலிருந்து, இரத்தப் பரிசோதனை 15 வயதிலிருந்து. கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேக்கு முன் சொல்லுங்கள், அதைப் பிற்போடலாம். காசநோய் உயிர்ப்போடு இருந்தால் மருந்து முடியும்வரை பயணம் நிற்கும். வேறு நோய் இருக்கிறது, செலவு வரும் என்று மறுப்பார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். அகதிகளுக்கு அந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பதில்லை. சர்க்கரை, இருதய நோய், பிள்ளையின் இயலாமை, எல்லாவற்றையும் சொல்லுங்கள், அங்கே வைத்தியம் ஏற்பாடு செய்ய அது உதவும்.

மெடிக்கல் 12 மாதம்தான் செல்லும். முடிந்தபின் பயணம் இழுபட்டால் திரும்பவும் செய்யச் சொல்வார்கள். நாங்கள் இரண்டு தரம் செய்தோம்.

9. வெளியேறும் அனுமதி, டிக்கெட், கடன்

இந்தக் கட்டத்தில் ஐஓஎம், அதாவது சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு, உங்களோடு தொடர்பில் இருக்கும். கடவுச்சீட்டு இல்லாதவருக்கு ஒருமுறைப் பயணப் பத்திரம், மலேசியக் குடிவரவிலிருந்து வெளியேறும் அனுமதி, விமான டிக்கெட், சில நாள் அறிமுக வகுப்பு எல்லாம் அவர்கள் ஒழுங்கு செய்வார்கள். நீங்களாகப் போய் டிக்கெட் வாங்காதீர்கள், வெளியேறும் முத்திரைக்கென்று யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

டிக்கெட் இலவசமில்லை. கனடா அரசாங்கம் கடனாகக் கொடுக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போடுகிற பத்திரங்களில் ஒன்று அந்தக் கடன் பத்திரம்; வாசித்து, தொகையைப் பார்த்து, ஒரு கொப்பி வாங்குங்கள். வட்டி இல்லை. இறங்கி 12 மாதம் கழித்துத்தான் தவணை தொடங்கும். கட்ட முடியாத நிலை என்றால் கடிதம் எழுதித் தவணையைக் குறைக்கக் கேட்கலாம்; பேசாமல் இருந்துவிட்டால், பிறகு ஒருவரைக் கூப்பிடும்போது அந்தக் கடன் குறுக்கே வந்து நிற்கும்.

ஐஓஎம் தருகிற பத்திரப் பையைப் பெட்டிக்குள் போடாதீர்கள். கையில்.

10. இறங்கும் நாள்

பியர்சன் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி நிரந்தரக் குடியுரிமை உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார். இங்கே எல்லோரும் "லாண்டிங் பேப்பர்" என்பார்கள். இருபது மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்த களைப்பில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடத் தோன்றும். நில்லுங்கள். பெயர், பிறந்த திகதி, ஆண் பெண், பிறந்த நாடு, நான்கையும் வாசியுங்கள். பிழை இருந்தால் கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள். பிறகு திருத்துவது தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. கூட வராத குடும்பத்தார் யாராவது உண்டா என்று அங்கேயும் கேட்கலாம். அதே பதிலைச் சொல்லுங்கள்.

11. முதல் மாத அலுவல்கள்

சின் இலக்கம், அதாவது சமூகக் காப்புறுதி இலக்கம், முதலில். சர்விஸ் கனடாவில் இலவசம், பெரும்பாலும் அன்றைக்கே கையில் கிடைக்கும். அந்த இலக்கத்தை வேலை தருபவர், வங்கி, வரி தவிர யாருக்கும் கொடுக்காதீர்கள். அடுத்தது சுகாதார அட்டை. ஒன்ராறியோவில் காத்திருப்புக் காலம் இல்லை.

பிறகு பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருகிற பிள்ளைப் பணம். ஆர்சி 66 படிவத்தோடு வருமான விவரம் கேட்கிற இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள்; இணைப்பை விட்டால் கோப்பு நிற்கும். 2025 ஜூலை தொடங்கிய ஆண்டுக்கு, 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு உச்சத் தொகை 7,997 டொலர், 6 முதல் 17 வரை 6,748 டொலர். தொடர்ந்து வர வேண்டுமென்றால், ஒரு சதம் உழைக்காவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30க்குள் வரிப் பத்திரம் போட வேண்டும், கணவனும் மனைவியும்.

ஆங்கில வகுப்பு இலவசம், பிள்ளை பராமரிப்போடு நடக்கிற இடங்களும் உண்டு. முதல் வாரத்திலேயே பெயரைக் கொடுங்கள். வேறு நகரத்தில் உறவினர் கூப்பிடுகிறார்கள் என்று உடனே கிளம்பாதீர்கள். எங்கே வாழவும் உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் ஸ்பொன்சர் இருக்கிற ஊரை விட்டுப் போனால் அவர்களுடைய உதவி நின்றுபோகலாம்.

இன்னொன்று. இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து இலங்கைக்குப் போகாதீர்கள். அம்மா சுகமில்லை, கோயில் திருவிழா, எதுவானாலும். அகதியாக வந்தவர் அந்த நாட்டின் பாதுகாப்பைத் திரும்ப ஏற்றுக்கொண்டார் என்று சொல்லி அகதி நிலையை நீக்கலாம். அதோடு நிரந்தரக் குடியுரிமையும் போகும். வேறு நாட்டுக்குப் போவதென்றால் அகதிப் பயணப் பத்திரம் எடுங்கள். கனடாப் பிரஜையாவதற்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். அதுவரை பொறுங்கள்.

12. கூட வராதவருக்கு ஒரு வருடக் கெடு

படிவத்தில் எழுதிவிட்டு வந்த பிள்ளையையோ துணையையோ கூப்பிட உங்களுக்கு ஒரு வருடம் உண்டு. நீங்கள் இறங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். அவர்களின் விண்ணப்பம் அந்த வருடத்துக்குள் திணைக்களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவர்கள் உங்கள் நாட்டிலேயே இருந்தாலும் பரவாயில்லை. கெடு போனால் சாதாரணக் குடும்ப வகுப்பில்தான் கூப்பிட வேண்டும். அதில் கட்டணமும் நிபந்தனைகளும் வேறு.

இதற்கு ஐஎம்எம் 5578 என்ற கோரிக்கைப் படிவம், பின்தொடர்ந்து வருபவரின் படிவங்கள், அவருடைய பத்திரங்கள், உங்கள் லாண்டிங் பேப்பரின் கொப்பி வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் மற்றப் பெற்றவர் உயிரோடு இருந்தால், பிள்ளை போகச் சம்மதம் என்ற ஐஎம்எம் 5604 படிவம் அவரிடம் வாங்க வேண்டும். இறந்திருந்தால் மரண அத்தாட்சி. மாமி அலைந்து எடுத்த அந்தக் கடதாசி இங்கேதான் கைகொடுத்தது. ஸ்பொன்சர் குழுவிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள், பிள்ளைக்கும் அவர்கள் ஒதுக்க வேண்டிவரும்.

எங்கள் மகளின் விண்ணப்பம் நாங்கள் இறங்கிய 41ஆவது நாள் போனது. கடந்த மாதம் மெடிக்கலுக்குக் கொழும்பு வரும்படி கடிதம் வந்திருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும்போது சங்கிலியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டு எனக்குப் போன் எடுத்தாள். கழற்றி அப்பம்மாவிடம் கொடு என்று சொன்னேன்.